இரண்டு சக்கரமும் இரண்டு பக்கம்

இடது சக்கரம் மலையைப் பார்க்கிறது, வலது சக்கரம் பள்ளத்தைப் பார்க்கிறது, நடுவில் நான் மல்லாக்கப் படுத்துக்கொண்டு இரண்டையும் பார்க்கிறேன். நாற்பத்தாறு வயதில் ஒரு மனுசன் காலை எட்டரை மணிக்குப் படுத்திருக்க வேண்டிய இடமா இது. முதுகுக்கடியில் ஒரு கூர்க்கல். நகர்ந்தால் அதைவிடக் கூராக இன்னொன்று. மேலே இருந்து எண்ணெய் சொட்டுகிறது, சரியாக நெற்றிக்கு. துடைத்தால் கையிலிருக்கிற கிரீஸும் சேர்ந்து அப்புகிறது, துடைக்காவிட்டால் கண்ணுக்குள் இறங்குகிறது. இது ரோடும் கிடையாது. தோட்டத்துக்காரர்கள் ரோடு என்கிறார்கள், வனத்துறைக்காரர்கள் பாதை என்கிறார்கள், மழை பெய்தால் தண்ணீர் இதை ஓடை என்றே முடிவு கட்டிவிடுகிறது. இருபத்திரண்டு வருசமாகப் போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு இந்தக் கல்லுக்குள் ஜீப்பை உருட்டுகிறேன். பிரேக் போயிருக்கிறது, கிளச் வயர் அறுந்திருக்கிறது, ஒரு தடவை பின்சக்கரமே எனக்கு முன்னால் உருண்டு போயிருக்கிறது. ஸ்டேரிங் போனதில்லை. இன்றைக்கு ஓடைத் திருப்பத்தில் வலதுபக்கம் ஒடிக்கிறேன், வலது சக்கரம் மட்டும் திரும்புகிறது, இடது சக்கரம் எனக்கும் உனக்கும் என்ன என்று மலைப்பக்கம் போய்ச் சாக்கடையில் முட்டி நின்றுவிட்டது. இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கிற நீளக் கம்பி, டை ராடு, அதன் ஒரு முனை கழன்று இப்போது என் காதுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. முனையில் நட்டைக் காணோம். நட்டு கழன்றுவிடாமல் குறுக்கே கோர்க்கிற பின், ஒரு விரல் நீளம்கூட வராத கம்பி, அதையும் காணோம். நட்டு தொலைந்தது இன்றைக்கு. பின்னைப் பற்றி நான் யோசிக்கப்போவதில்லை.

வெளியே பத்துப் பெண்கள் நின்றுகொண்டு ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எனக்குத் தெரிவது இருபது கால்கள்தான். செருப்பில்லாத கால், ஆண்பிள்ளை ரப்பர் செருப்புப் போட்ட கால், அட்டை ஏறாமலிருக்கச் சாக்குத்துணி சுற்றிய கால். "கயித்தப் போட்டுக் கட்டி ஓட்ட முடியாதாண்ணே" என்கிறது ஒரு கால். கயிற்றைப் போட்டுக் கட்டலாம் தாயி, கட்டி ஓட்டலாம், அடுத்த திருப்பத்தில் எல்லோருமாகச் சேர்ந்து கீழே இறங்கிவிடலாம், நடக்கிற வேலையும் மிச்சம். இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. "பட்டறைல இருந்து ஆள் வருது, செத்த நேரம் சும்மா இருங்க" என்றேன். பதினோராவது ஆள், கங்காணி வேலுத்தாய் அக்கா, ஓரமாகக் கல்லில் உட்கார்ந்திருக்கிறாள். அவள்தான் இந்தப் பத்துப் பேருக்கும் வேலை பிரித்துக் கொடுக்கிறவள், தோட்டத்து மேனேஜரிடம் நேரே போய்ப் பேசக்கூடியவள். அவளுக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டாள், வெற்றிலை போடுவாள். இப்போது இரண்டாவது வெற்றிலை. "ஏய்யா மாயா" என்று குனிந்து வண்டிக்கடியில் எட்டிப் பார்த்துச் சொன்னாள். "ஒம் மாப்ளைன்னு இத்தன வருசமாப் பாத்தாச்சு. பதினோரு பொம்பளயாளு. இனி நம்ம தோட்டத்து வண்டி ஒண்ணுகூட அந்தப் பட்டறைப் படி ஏறாது. மேனேசர்ட்ட இன்னைக்கே சொல்லப்போறேன்." சொன்னால் செய்வாள். தோட்டத்து வண்டி ஆறு. அந்த ஆறு வண்டியை வைத்துத்தான் ஒச்சப்பன் பட்டறை நடக்கிறது. அவை போனால் அப்புறம் அவனிடம் வருவது பஞ்சர் சைக்கிள்தான். ஒச்சப்பன் என் தங்கச்சி பவுனுத்தாயின் புருசன்.

நானும் சும்மா இருந்திருக்கலாம். வண்டி நின்றதும் நேரே அந்தப் பாறைமேல் ஏறி, அங்கேதான் சிக்னல் வரும், போனைப் போட்டுக் கத்தினேன். என் பயம் அவர்களுக்குத் தெரியக்கூடாது என்பதற்காகவே இன்னும் கொஞ்சம் கத்தினேன். "பின்னு எங்கடா மாப்ள? பின்னு மாட்டாமயா வண்டிய விட்ட? பதினோரு உசுருடா." மலை முழுக்கக் கேட்டிருக்கும். வேலுத்தாய் அக்காவுக்குத் தப்பு பட்டறையுடையது என்கிற எண்ணத்தை எடுத்துக் கொடுத்ததே என் வாய்தான். அந்தப் பக்கம் அவன் ஒன்றும் பேசவில்லை. லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன், ஓடிக்கொண்டுதான் இருந்தது, நொடி நகர்ந்துகொண்டிருந்தது, பதினாலு, பதினஞ்சு, பதினாறு. பிறகு "வாரேன் மச்சான்" என்றான். அவ்வளவுதான். எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் என்ன. பேசுகிறவனிடம் சண்டை போடலாம், வாரேன் என்கிறவனிடம் என்ன போடுவது. அவனிடம் எனக்குப் பிடிக்காதது இதுதான். கல்யாணத்துக்கு முன்னால் பெண் பார்க்க வந்தபோதும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தான், ஊமையோ என்று அப்பா என்னிடம் ரகசியமாகக் கேட்டார்.

நட்டைத் தேடச் சொன்னது நான்தான், அதுவும் தப்பு. வந்த வழியில் எங்கேயாவது விழுந்திருக்கும், பார்த்துக்கொண்டே போங்கள் என்றேன், வாயை மூடிக்கொண்டு இருப்பார்களே என்றுதான். பெண்கள் சருகைக் கிளறிக்கொண்டு இறங்கினார்கள், ஏலக்காய் பறிக்கிற கை, கண்ணுக்குத் தப்பாது. கால் மணி நேரத்தில் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தது. "இதாண்ணே?" இல்லை. "இதாண்ணே?" இல்லை, இது பம்பர் நட்டு. "இந்தா, இது பெருசா இருக்கு." இது லாரி நட்டு, இந்தப் பாதையில் லாரி எப்போது ஏறியது என்று எனக்கே தெரியவில்லை. ஏழு நட்டு கிடைத்தது, ஒன்றுகூட என்னுடையதில்லை. இருபத்திரண்டு வருசமாக இந்தப் பாதையில் வண்டி ஓட்டுகிறவன் எல்லாம் நட்டை விதைத்துக்கொண்டே போயிருக்கிறான். அட, என் காலில் என்னமோ ஊர்கிறது. அட்டைதான். கணுக்காலில் ஏறுகிறது, தெரிகிறது, கையை அங்கே கொண்டுபோக முடியாது, இரண்டு கையும் டை ராடைத் தூக்கிப் பிடித்திருக்கின்றன. நுனியைத் துளைக்குள் நுழைத்துப் பார்க்கிறேன். நுழைகிறது. விட்டால் விழுகிறது. நுழைத்து என்ன ஆகப்போகிறது, நட்டு இல்லாமல், பின் இல்லாமல். திரும்பவும் பின். வேறு எதையாவது நினைக்கலாம். இந்தப் பாதையைச் சீர் பண்ண மனுக் கொடுத்தோமே, அதை நினைக்கலாம். மனு போன இடத்தை நினைக்கலாம். ஜாக்கியை நினைக்கலாம், அடியில் வைத்த பலகை ஈரத்தில் வழுக்கிக்கொண்டே இருக்கிறது, ஜாக்கி நழுவினால் வண்டி நெஞ்சில் இறங்கும். அதைக்கூட நினைக்க முடிகிறது. பிளேயரை நினைக்க முடியவில்லை.

எந்தப் பிளேயர். யார் பிளேயரைப் பற்றிக் கேட்டது. நட்டை முறுக்க ஸ்பேனர் வேண்டும், பின்னை மாட்டி அதன் இரண்டு காலையும் விரித்து மடக்கப் பிளேயர் வேண்டும், இது ஊருக்கே தெரிந்தது, அதனால் நினைவு வந்தது, அவ்வளவுதான். தலையைத் திருப்பினால் வலது சக்கரம் தெரிகிறது. அது நிற்கிற இடத்திலிருந்து ரெண்டு முழம் தள்ளி மண் முடிகிறது. அதற்கப்புறம் மூட்டம். மூட்டத்துக்குக் கீழே ஓடைச் சத்தம், எங்கேயோ ரொம்பக் கீழே. இடது சக்கரம் சாக்கடைக்குள் போகாமல் இருந்திருந்தால். வலதுபக்கமும் இதே மாதிரி ஒரு சாக்கடை இருந்து காப்பாற்றியிருக்குமா, இருக்காது, அந்தப் பக்கம் காற்றுதான். பதினோரு பேர். பின்கதவுப் பக்கம் உட்கார்கிற அன்னக்கொடி, அவள் அதிகம் பேசமாட்டாள், காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவாள், அவளுக்கு மூன்று பிள்ளைகள், புருசன் இல்லை. அவள் மட்டும் குதித்துப் பிழைத்திருப்பாளோ. என்ன நினைப்பு இது. யார் பிழைப்பார்கள் என்று வண்டிக்கடியில் படுத்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது, நடந்து முடிந்த பிறகு வருகிற பயம், இதற்குப் பேர் என்னவோ, வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள். ஒரு நட்டு கழல எத்தனை நாள் ஆகும். இந்தக் கல்லில் குலுங்கிக் குலுங்கி ஒவ்வொரு மரை மரையாக. நாலு நாள் ஆகியிருக்கிறது. திங்கள்கிழமை சாயங்காலம் முறுக்கினது. ஆயுத பூஜை அன்றைக்கு.

சரி, வா, நினைத்துத் தொலைக்கிறேன். அன்றைக்குப் பகல் முழுக்க ஒச்சப்பன் இந்த வண்டிக்கு அடியில்தான் கிடந்தான். டை ராடு முனை தேய்ந்து போய்ப் புதிதாகப் போட்டான். ஆறு மணிக்குப் பூஜை. பவுனுத்தாய் பட்டறையைக் கழுவி விட்டுக் கோலம் போட்டு இலை விரித்துவிட்டாள், பொரிகடலை, சுண்டல், பூசணிக்காய் எல்லாம் தயார். ஸ்பேனர், சுத்தியல், திருப்புளி ஒவ்வொன்றாகத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து வரிசையாக அடுக்கினது நான்தான். எனக்கு அது பிடிக்கும். நட்டை முறுக்கி முடித்து ரிங் ஸ்பேனரை அவன் வண்டிக்கடியிலிருந்து நீட்டினான், வாங்கிப் பொட்டு வைத்து இலையில் வைத்தேன். பிளேயர் முன்பே இலையில் இருந்தது. அவன் வெளியே வந்து கையில் அந்தப் பின்னை வைத்துக்கொண்டு நின்றான். "மச்சான், பின்னு மட்டும் மாட்டல. அந்தப் பிளேயர எடுத்துக்கிறேன், ரெண்டு நிமிசம்" என்றான். பவுனுத்தாய் சூடத்தைக் கையில் எடுத்துவிட்டாள். நான் என்ன சொன்னேன். சொல், மாயா, என்ன சொன்னாய். "பொட்டு வச்ச சாமானத்தத் தொடாத மாப்ள. அது எங்க போயிறப் போகுது, காலைல மாட்டிக்கிருவோம்." அவன் ஒரு தரம் வண்டியைப் பார்த்தான், ஒரு தரம் என்னைப் பார்த்தான். தங்கச்சி புருசன் என்றாலும் நான் மூத்தவன், பூஜை நேரம் வேறு. பின்னைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கும்பிட்டான். மறுநாள் நல்ல நேரம் ஆறிலிருந்து ஏழு. அவன் வருவதற்கு முன்பே நான் பட்டறைக்குப் போய், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, வண்டியை எடுத்துக்கொண்டு பிள்ளைகுட்டியோடு கோவிலுக்குப் போய்விட்டேன். கோவிலில் இருக்கும்போது அவன் போன் வந்தது. தட்டைக் கையில் வைத்திருந்தேன், எடுக்கவில்லை. திரும்பக் கூப்பிடவும் இல்லை. அதற்கப்புறம் இன்றைக்கும் சேர்த்து மூன்று நாள் ஏறியிருக்கிறேன், முப்பத்துமூன்று தலை, ஒரு தடவைகூட எனக்கு அது நினைவில் வரவில்லை, கடவுள் சத்தியமாக வரவில்லை. ஆனால் பாறைமேல் ஏறிப் போனைக் காதில் வைத்தேனே, அப்போது வந்துவிட்டது. கத்துவதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. வந்த பிறகுதான் கத்தினேன்.

கீழே டிவிஎஸ் வண்டிச் சத்தம் கேட்கிறது. வந்துவிட்டான். கடைசித் திருப்பத்தில் வண்டியைப் போட்டுவிட்டு நடந்து வருகிறான் போல, ரெண்டு கால் வேகமாக ஏறி வருகிறது, பெண்களின் கால்கள் ஒதுங்கி வழி விடுகின்றன, யாரும் வா என்று சொல்லவில்லை. அவன் வந்ததும் வராததுமாக என் பக்கத்தில் சறுக்கிப் படுத்தான். மூச்சு வாங்குகிறது. முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை, டை ராடைப் பார்த்தேன். "தூக்கிப் பிடிங்க மச்சான்" என்றான். தூக்கிப் பிடித்தேன். கொண்டுவந்த புது நட்டைப் போட்டான், முறுக்கினான், துளைக்கு நேர் வருகிறதா என்று விரலால் தடவிப் பார்த்தான், இன்னும் அரைச் சுற்று. பின்னை நுழைத்து ஒரு காலை இந்தப் பக்கம், ஒரு காலை அந்தப் பக்கம் மடக்கினான். மொத்தம் ரெண்டு நிமிசம்கூட ஆகவில்லை. எரிச்சலாக இருந்தது, யார்மேல் என்று தெரியாத எரிச்சல். "ஏம்ப்பா அன்னைக்கி நீ போன்ல பேசாம இருந்த" என்று கேட்க வாயெடுத்து, அது அன்றைக்கில்லை, ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் என்று தோன்றி விட்டுவிட்டேன். அவன் என் கணுக்காலைப் பார்த்து, பையிலிருந்து கொஞ்சம் புகையிலைப் பொடியை எடுத்து அட்டைமேல் தூவினான். அட்டை சுருண்டு விழுந்தது. ரத்தம் நிற்காமல் வந்துகொண்டிருந்தது.

வெளியே வந்ததும் வேலுத்தாய் அக்கா எழுந்து நின்றாள். "ஏய்யா ஒச்சப்பா, நீயும் பிள்ளகுட்டிக்காரந்தான?" என்றாள். கத்தவில்லை. "ஒரு பின்னு மாட்ட ஒனக்கு ஒழியல. நாங்க போயிருந்தா எங்க பிள்ளைகளுக்கு நீ வந்து பதில் சொல்லுவியா?" அவன் பிளேயரைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தான். துடைக்க ஒன்றும் இல்லை அதில். "தப்புத்தேங்க்கா" என்றான். என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்தால் என்னைக் காட்டிக்கொடுக்கிற மாதிரி ஆகிவிடும் என்று பார்க்கவில்லை. எனக்கு அப்படியே அவனை ஓங்கி ஒரு அறை விடலாம் போல வந்தது. "யக்கா, அவனச் சொல்லாத" என்றேன். "அவன் மாட்டத்தான் போனான். பூஜைக்கு வச்சாச்சு, பிளேயரத் தொடாதன்னு நாந்தேன் சொன்னேன். விடிய நல்ல நேரம்னு அவன் வரமுன்ன வண்டிய எடுத்தவனும் நாந்தேன். போன் பண்ணுனான், கோவில்ல நின்னேன், எடுக்கல." சொல்லிவிட்டேன். இனி போடி ஜீப் ஸ்டாண்டில் என் வண்டியில் ஒருத்தி ஏறமாட்டாள், சரி, ஏறவேண்டாம். வேலுத்தாய் அக்கா வெற்றிலையைத் துப்பினாள். "பொட்டு வச்ச சாமானத்த எப்பிடியா எடுக்கிறது" என்றாள். "நீ சொன்னது சரிதான்." இன்னொருத்தி சொன்னாள்: "நல்ல நேரம் பாத்துத்தான வண்டிய எடுக்க முடியும்." இன்னொருத்தி: "கோவில்ல நின்னுக்கிட்டு போன எடுப்பாகளா?" வேலுத்தாய் அக்கா முடித்து வைத்தாள். "நாலு நாளு கெடந்துச்சுல்ல? இவன் தேடி வந்து மாட்டியிருக்கணும். மாப்ளையாச்சேன்னு நீ பழியத் தூக்கி ஒந்தலைல போட்டுக்காத மாயா. ஏறுங்கடி, நேரமாச்சு."

எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் அடிப்பார்கள் என்று பயந்துகொண்டு ஒரு மணி நேரம் கல்லில் முதுகைத் தேய்த்தேனே, சொன்னால் எனக்கு நல்லவன் பட்டம் கட்டுகிறார்கள், அவன் தலையில் இன்னும் ஒரு கூடை மண். திரும்பவும் சொன்னேன். "இல்லக்கா, நெசமாவே." "சரிய்யா, சரி" என்றாள், பிள்ளையைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி. ஒச்சப்பன் சாமான் பையைத் தூக்கிக்கொண்டு, "விடுங்க மச்சான், மேல கொண்டு விட்டுட்டு வாங்க" என்று இறங்கிப் போய்விட்டான். ஜாக்கியை எடுத்துவிட்டு எல்லோருமாக வண்டியைச் சாக்கடையிலிருந்து தள்ளி ஏற்றினோம், பெண்கள் ஏறினார்கள். நான் ஏறி உட்கார்ந்து ஸ்டேரிங்கை இப்படியும் அப்படியும் ஒடித்துப் பார்த்தேன், இரண்டு சக்கரமும் ஒன்றாகத் திரும்பின. பின்னால் யாரோ, "அன்னக்கொடி, ஏறுடி" என்றார்கள். அன்னக்கொடி பின்கதவுக்கு வந்தாள், தன் தூக்குவாளியையும் மழைக்குப் போர்த்துகிற கொங்காணியையும் எடுத்துக்கொண்டாள். "நான் நடந்து வாரேன்" என்றாள். என் பக்கம் வந்தபோது நின்று என் முகத்தைப் பார்த்தாள், கோபமாகக்கூட இல்லை. பார்த்துவிட்டு வண்டிக்கு முன்னால் ஏறி நடக்க ஆரம்பித்தாள்.

இந்தப் பாதையில் ஒரு வண்டிதான் போகலாம். இந்தப் பக்கம் மலை, அந்தப் பக்கம் பள்ளம், ஒதுங்குவதற்கு ஒரு அடி கிடையாது. அவள் ஒதுங்கவும் இல்லை. நடுப்பாதையில் கொங்காணியைத் தலையில் போட்டுக்கொண்டு தன்பாட்டுக்கு நடக்கிறாள், நான் முதல் கியரில் அவள் பின்னால் ஊர்கிறேன். "ஆரன் அடிங்கண்ணே" என்றாள் ஒருத்தி. அடிக்கவில்லை. "இவளுக்கு என்ன வந்துச்சு இன்னைக்கி, இப்பிடி வீம்பு பண்ணுறா" என்றாள் இன்னொருத்தி. சொன்னால் யாருக்குப் புரிகிறது. இத்தனை பேரில் நான் சொன்னதை நம்பினவள் அவள் ஒருத்திதான், அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டுகிறேன், அவமானமாக இருக்கிறது, அதைவிட என்னமோ ஒரு நிம்மதியாகவும் இருக்கிறது, இரண்டும் ஒரே நெஞ்சில் எப்படி என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஒரு திருப்பம் போனது. பின்னால் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. இரண்டாவது திருப்பம் ஏறும்போது யாருமே பேசவில்லை, எல்லோரும் கண்ணாடி வழியாக முன்னால் நடக்கிறவளைத்தான் பார்க்கிறார்கள் என்று பார்க்காமலே தெரிந்தது. வேலுத்தாய் அக்கா சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக என் காதுப் பக்கம் குனிந்தாள். "ஏய்யா மாயா" என்றாள். "நெசமாவே நீதான் வேணாம்னியா?"

"நாந்தேங்க்கா" என்றேன். அவள் முன்னால் நடக்கிற அன்னக்கொடியைப் பார்த்துவிட்டு, காலடியில் இருந்த தன் தூக்குவாளியைக் கையில் எடுத்தாள். பிறகு, "வண்டிய நிறுத்து" என்றாள்.